உதவியில் நான் சேர்த்த வரி

பிறரிடம் ஒன்றைக் கேட்பதற்கு எனக்கு எப்போதும் கூச்சம். தபால் நிலையத்தில் எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும் என்று கேட்க மாட்டாமல் மூன்று வரிசையிலும் நின்று பார்த்திருக்கிறேன். யார் வீட்டுக்காவது ஒரு காரியமாகப் போனால், அவர் நிமிர்ந்து "என்ன?" என்றதும், "ஒன்னுமில்ல, சும்மா வந்தேன்" என்று சொல்லித் திரும்பிவிடுவேன். இப்படிப்பட்டவனுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கோயில் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. பன்னிரண்டாவதும் தட்டச்சு லோயரும் படித்தவனுக்கு அது நல்ல இடம். வருகிறவர்கள்தான் கேட்பார்கள். நான் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னால் போதும்.

கோயில் என்று நாங்கள் சொல்வது எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தை. அதைப் போலவே போதகரை ஐயர் என்போம். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு நாலு பக்கமாக மடித்த ஒரு தாள் கொடுப்போம். அதன் கடைசிப் பக்கத்தில் அந்த வாரத்துப் பிறந்தநாள்காரர்கள், திருமண நாள்காரர்கள் பெயர் இருக்கும். ஆராதனையின் நடுவில், ஐயருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து முன்னே போய், காணிக்கை உறையைத் தட்டில் போட்டுவிட்டு வரிசையாக நிற்பார்கள். ஐயர் ஜெபிப்பார். யார் என்ன சேலையில் போகிறார்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து போகிறார்களா, ஒருவர் முன்னால் ஓடுகிறாரா என்பதையெல்லாம் மொத்தக் கோயிலும் பார்க்கும்.

அந்தப் பட்டியலை ஒரு நீள நோட்டைப் பார்த்து வருஷக்கணக்காகக் கையால்தான் எழுதிவந்தேன். போன வருஷம் சபைச் செயலாளரின் மருமகள், வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிற பிள்ளை, இரண்டு சனிக்கிழமை அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தது. குடும்பப் பதிவேடு முழுவதையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். கறுப்புத் திரையில் 'பட்டியல்' என்று அடித்து என்டரைத் தட்டினால் அந்த வாரத்துப் பெயர்கள் வந்துவிடும். அந்தப் பிள்ளை புருஷனோடு தோஹாவுக்குப் போகிற அவசரத்தில் இருந்தது.

"நீ போன பிறகு எனக்கு எதாவது மறந்துபோச்சுன்னா?" என்றேன்.

"யாரையும் கேக்க வேண்டாம் அண்ணாச்சி. இதுகிட்டயே கேளுங்க" என்றது.

பட்டியல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு, ஹெல்ப் என்று அடித்தது. திரையில் தமிழில் வரிசையாக வந்தது: இது என்ன செய்யும், எப்படி அடிக்க வேண்டும், பிறந்தநாள் மட்டும் வேண்டும் என்றால் என்ன சேர்க்க வேண்டும், எத்தனை நாளுக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது, இறந்தவர் பெயருக்கு நேரே 'இ' போட்டால் அவருடைய பிறந்தநாள் வராது என்பது வரை. எனக்காகவே அந்தப் பிள்ளை தமிழில் எழுதியிருந்தது. எத்தனை முறை கேட்டாலும் முகம் மாறாமல் அதே பதிலைச் சொல்லுகிற ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. தெரிந்த நாளில்கூட ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொள்வேன். உபதேசியார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கேலிக்காரர். கதவண்டை நின்று, "என்ன வே, பொட்டிகிட்ட இன்னைக்கு என்ன சந்தேகம்? நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசுதீரா? அதுகிட்ட மட்டும் மணிக்கணக்கா பேசுதீரே" என்பார்.

ஒருநாள் மின்தடை முடிந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது தவறான இடத்தில் அமுக்கியதில், அந்தப் புரோகிராமே நோட்பேடில் விரிந்துவிட்டது. மூடுவதற்கு முன்னால் கண் அதன் மேல்பகுதியில் விழுந்தது. ஹெல்ப் என்று கேட்டால் வருகிற அதே வரிகள், ஓர் எழுத்து மாறாமல், அங்கேயே இருந்தன. அதற்குக் கீழே எனக்குப் புரியாத ஆங்கிலமும் அடைப்புக்குறிகளும். நாம் கேட்கும்போது அது தன் தலைப்பில் எழுதி வைத்திருப்பதைத்தான் எடுத்துக் காட்டுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு குறை இருந்தது. பட்டியல் ஏழு நாளுக்கு வரும். நான் தாளை அச்சடிப்பது சனிக்கிழமை. அன்றிலிருந்து எண்ணினால் வெள்ளியோடு நின்றுவிடும். அடுத்த சனிக்கிழமை பிறந்தநாள் வருகிறவர்கள் பெயர் நாள் கடந்து மறுநாள்தான் வாசிக்கப்பட்டது. அப்படி ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, "சனிக்கிழமை பொறந்தவன் மனுஷன் இல்லையா வே?" என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டு நாள் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தனியாக அடிக்கலாம்தான். மறந்துவிடும். நோட்பேடில் அந்த வரியைத் தேடினேன். எத்தனை நாள் என்று சொல்கிற வரியின் கடைசியில், சதுரக் கட்டத்துக்குள் ஓர் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் 7 என்ற எண்ணும் இருந்தன. அந்த ஏழை அழித்து எட்டு என்று போட்டேன். சேமித்தேன். ஓட்டினேன். சனியிலிருந்து அடுத்த சனி வரை எட்டு நாளுக்கும் பெயர் வந்தது. சனிக்கிழமைக்காரர்கள் இரண்டு வாரம் வாசிக்கப்பட்டார்கள். அதைப் பற்றி யாரும் குறை சொல்ல வரவில்லை.

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதன் தலைப்பில் எழுத்தில் சொன்னால் அது கேட்டு நடக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நான் கண்ணால் பார்த்த காரியம் அது. வேறு எப்படி எண்ணுவேன்?

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் திசையன்விளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தை மாதம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா நாற்காலியில் உட்காராமல், மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேற்கே இருந்து அடித்த காற்றில் என் தாள்கள் பறக்காமல் பாட்டுப்புத்தகத்தை எடுத்து அவர்களே மேலே வைத்தார்கள்.

"அண்ணாச்சி, செவ்வாக்கிழமை எங்க கல்யாண நாளு. இந்த வாரத் தாள்ல பேரு வரும்லா?"

"வரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது.

"வர வேண்டாம் அண்ணாச்சி. வாசிச்சாவன்னா எல்லாரும் திரும்பி என்னையத்தான் பாப்பாவ. எந்திரிச்சுப் போகவும் முடியாது, உக்காந்திருக்கவும் முடியாது. நான் என்ன செய்வேன் சொல்லுங்க."

"வராதும்மா. நான் பாத்துக்கிடுதேன்."

அவர்கள் தலையை ஆட்டினார்கள். வாசல்வரை போனவர்கள் திரும்பி, "மறந்துற மாட்டீங்கள்லா?" என்றார்கள். "மாட்டேன்" என்றேன். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. அன்று கொடுத்தேன்.

கையால் எழுதிய காலத்தில் இந்தச் சங்கடம் வந்ததே இல்லை. துட்டி வீடு, அதாவது சாவு நடந்த வீடு, எது எதுவென்று எனக்குத் தெரியும். நோட்டில் அந்தப் பெயர் வந்ததும் கை தானாகத் தாண்டிப் போய்விடும். அதற்கு ஒரு விதி இருக்கிறது என்றுகூட நான் நினைத்ததில்லை. இப்போது பட்டியல் போடுவது என் கை இல்லை. கண்டக்டர் பெயருக்கு நேரே நான் 'இ' போட்டிருந்தேன். அது அவருடைய பிறந்தநாளை நிறுத்தும். திருமண நாள் குடும்பத்தின் பெயரில் இருப்பது.

அந்த அம்மா போனதும் நோட்பேடைத் திறந்தேன். ஹெல்ப் வரிகளின் கீழே, அந்தப் பிள்ளையின் நடையைப் பார்த்து அதே மாதிரி எழுதினேன்: 'கணவனோ மனைவியோ இறந்திருந்தால் அந்தத் திருமண நாள் பட்டியலில் வராது.' இரண்டு முறை படித்தேன். 'வரக்கூடாது' என்று எழுதலாமா என்று யோசித்தேன். மற்ற வரிகளெல்லாம் 'வரும்', 'வராது' என்றே இருந்ததால் அப்படியே விட்டேன். சேமித்துவிட்டு, ஹெல்ப் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எழுதிய வரிகளுக்கு அடியில் என்னுடைய வரியும் அதே எழுத்தில், அதே வெளிச்சத்தில் வந்து நின்றது. நான் சொன்னதை அது தன் வாயால் எனக்குத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒரு உறுதி வேண்டும் என்று எனக்குப் படவில்லை.

சனிக்கிழமை பட்டியலை ஓட்டி, தாளில் சேர்த்து, நகலெடுத்து, மடித்து அடுக்கினேன். வரிவரியாகப் பார்க்கவில்லை. சொல்லியாகிவிட்ட பிறகு மறுபடி போய்ப் பார்ப்பது, அதை நம்பாதது போல இருந்தது.

ஞாயிறு காலை வழக்கம்போல் ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், கதவு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டுப் பாடும்போது தாளைத் திருப்பினேன். திருமண நாள் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரியில் கண்டக்டர் பெயரும் அந்த அம்மா பெயரும் சேர்ந்து இருந்தன.

முதலில் இது போன வருஷத்துத் தாள் என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் இருந்தவர் தாளைப் பார்த்தேன், ஏதோ என் தாளில் மட்டும் அப்படி அச்சாகியிருக்கும் என்பதுபோல. அதிலும் இருந்தது. பெண்கள் பக்கம் தூணுக்குப் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்கள். கையில் தாள் இருந்தது. அவர்கள் அதைத் திருப்பியிருந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

பாட்டில் இன்னும் இரண்டு சரணம் இருந்தது. அது முடிந்ததும் உபதேசியார் வாசிக்கத் தொடங்குவார். அவர் நின்றது முன்னால், பீடத்துக்கு இடப்பக்கம். இருபத்தாறு வருஷத்தில் ஆராதனை நேரத்தில் நான் அந்தப் பெஞ்சை விட்டு முன்னே போனதில்லை. என் பிறந்தநாளைப் பட்டியலில் நானே சேர்ப்பதில்லை, போக வேண்டிவரும் என்பதற்காக.

எழுந்தேன். சுவர் ஓரமாக நடந்தேன். வெறுங்காலுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. மின்விசிறிகள் எல்லாம் என்மேலேயே சுற்றுவதுபோல இருந்தது. பெஞ்சுபெஞ்சாகப் பாடுகிற முகங்கள் வாயை மூடாமலே என் பக்கம் திரும்பின. யாரோ, "இவருக்கும் பொறந்தநாளா?" என்று சொன்னது காதில் விழுந்தது.

உபதேசியார் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, கல்யாண நாள்ல மூணாவது பேரை வாசிக்காதிய."

"ஏன் வே? நீர்தான போட்டிருக்கீரு?"

"துட்டி வீடு."

அவர் தாளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "பைய அங்கன உக்காரும்" என்று பாடகர் குழுவின் பெஞ்சைக் காட்டினார். அங்கேயே ஓரமாக உட்கார்ந்தேன். அதனால்தான் நடந்ததை முன்னாலிருந்து பார்க்க நேர்ந்தது.

பிறந்தநாள் பெயர்கள் முடிந்து திருமண நாள் வந்தது. முதல் பெயர், இரண்டாவது பெயர். உபதேசியார் ஒரு மூச்சு நிறுத்தி, நாலாவதுக்குப் போனார். அந்த மூச்சு நேரத்தில் அந்த அம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கினார்கள். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். தம்பதிகள் எழுந்து வந்து பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். ஐயர் ஜெபிக்கக் கையைத் தூக்கப்போனார்.

அப்போது அந்த அம்மா எழுந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தார்கள். கையில் உறை எதுவும் இல்லை, மடித்த தாள் மட்டும்தான் இருந்தது. வரிசையின் கடைசியில், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றார்கள். ஐயர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே அவர்கள் தலைமேலும் கையை வைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெயர் வரக்கூடாது என்றவர்கள் அவர்கள்தான். வந்துவிட்ட பெயரை வாசிக்க விடாமல் தடுத்தவன் நான். எது நடக்கக்கூடாது என்று இருவரும் பயந்தோமோ அதையே அவர்கள் தாமாக எழுந்து செய்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் நான் அலுவலகத்துக்குள் போய், தேவையில்லாமல் ஒரு பீரோவைத் திறந்து அதற்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வந்தார்கள்.

"அண்ணாச்சி."

"மன்னிச்சிருங்கம்மா. நான் எழுதி வச்சேன். அது கேக்கல." எனக்கே அது உளறலாகப் பட்டது.

"வராதுன்னு சொன்னிய, வந்திருந்தது. மொதல்ல எனக்குக் கோவம்தான். பொறவு ரெண்டு பேரையும் சேத்து எழுதியிருக்கத பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த ஆறு மாசத்துல அவுக பேரையும் என் பேரையும் யாரு சேத்து எழுதுதா? கேஸ் புக்குல அவுக பேர எடுத்தாச்சு, ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. சரி, வாசிக்கட்டும், அவுக பேரை ஒருக்கா சத்தமா கேட்போம்னு இருந்தேன். நீங்க முன்ன போயி என்னமோ சொன்னிய. வாசிக்கல."

"நீங்கதானம்மா..."

"நான்தான் சொன்னேன். இல்லங்கல. ஆனா தாண்டிப் போனதும் உக்காந்திருக்க முடியல."

"அப்ப அடுத்த வருஷம் போடவா, விடவா?"

அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கோபமா, சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. "அடுத்த வருஷத்த பத்தி இப்ப நான் எப்படிச் சொல்ல? அப்ப கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தோஹாவுக்குப் போன் செய்தேன். போனில் பேசுவது எனக்கு நேரில் பேசுவதைவிடக் கஷ்டம். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்தப் பிள்ளை முதலில் சிரித்தது. பிறகு நிறுத்தியது.

"அண்ணாச்சி, அந்தக் கட்டத்துக்குள்ள இருக்க எண்ணை மட்டும் அது அங்க இருந்துதான் எடுத்துக்கிடும். மத்த வரியெல்லாம் மனுஷங்க படிக்கதுக்கு. ஹெல்ப்னு கேட்டா அப்படியே எடுத்துக் காட்டும். அதுல என்ன சொல்லியிருக்குன்னு அது பாக்காது."

"எது தனக்கு, எது எனக்குன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் அப்படித்தான் பண்ணி வச்சிருக்கேன்."

"எல்லாம் ஒரே இடத்துலதான இருக்கு? ஒரே எழுத்துலதான இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் எட்டுன்னு போட்டதக் கேட்டுச்சு. இதக் கேக்கல. ரெண்டையும் நான்தான எழுதுனேன்?"

"தப்பு என்னோடதுதான். கல்யாண நாள் போடும்போது ரெண்டு பேருல ஒருத்தர் இல்லாம இருப்பாவன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றது. புரோகிராம் எழுதியபோது அதற்குக் கல்யாணமாகி நாலு மாதம். "இப்ப சரி பண்ணி அனுப்பிருதேன். ஒரு நிமிஷ வேலை. ஒருத்தர் இறந்திருந்தா போடணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க, எழுதிருதேன்."

தாளைப் பார்த்தேன். அதில் இந்தக் கேள்விக்கு நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

"வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். தூணுக்குப் பக்கத்திலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தது கண்ணில் நின்றது. "போடு" என்று சொல்லலாம் என்றால், மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அதே ஆள்தான்.

"பைய யோசிச்சு சொல்லுதேன்ம்மா" என்றேன். மாதம் மூன்று ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் இரண்டு முறை கேட்டுவிட்டது.

போன் செய்த அன்று சாயங்காலம் நோட்பேடைத் திறந்து என்னுடைய அந்த வரியை அழித்தேன். அது பொய்யாக இருந்தது. அந்த இடத்தில் வேறொன்று எழுதினேன்: 'கணவனோ மனைவியோ இறந்திருந்தால், பட்டியல் போடுமுன் வீட்டில் போய்க் கேட்கவும்.' அது இதைப் படிக்கப் போவதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை காலை ஹெல்ப் என்று அடித்தால், எல்லா வரிக்கும் கடைசியில் அது அப்படியே வந்து நிற்கிறது. யார் எழுதியது என்று தெரியாதவன்போல நான் அதைப் படிக்கிறேன்.

போன சனிக்கிழமை திருமண நாள் பட்டியலில் அப்படி ஒரு வீடு வந்தது. கல்லிடைக்குறிச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த ஒரு வாத்தியார். மனைவி தவறி ஒரு வருஷம் ஆகவில்லை. பட்டியலை அச்சடிக்காமல் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையில் ஒரு முறை இறங்கி, செயின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நான் நின்றேன். நிமிர்ந்து, "என்ன?" என்றார்.

"ஒன்னுமில்ல, சும்மா வந்தேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் மறுபடி பேப்பரைப் பார்த்தார். நான் போகவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறிது நேரம் கழித்து அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டு, கொண்டியைத் தூக்கிக் கேட்டைத் திறந்தார்.